அந்த டிரைவர் சரியான வழியில் போயிருந்தால் முதல் உலகப் போர் வந்திருக்காதா?

பத்தாம் வகுப்பு அம்மா:

என் மகள் பத்தாம் வகுப்பு. சமூக அறிவியலில் எடுத்த எடுப்பிலேயே முதல் உலகப் போர். கூட்டணிகள், ஏகாதிபத்தியப் போட்டி, தீவிர தேசியம், பால்கன் சிக்கல் என்று காரணங்களை வரிசையாகப் படித்துவிட்டாள். பாஸ்னியாவின் சரயேவோ நகரத்தில் நடந்த கொலையில்தான் நின்றுவிட்டாள்.

1914 ஜூன் 28 காலையில் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் மீது ஒருவன் வீசிய குண்டு அவர்மேல் படவில்லை. அதில் காயம்பட்ட அதிகாரியை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போகும்போது காரின் டிரைவர் வழி மாறித் திரும்பிவிட்டார், வண்டியை நிறுத்திய இடத்தில் காவ்ரிலோ பிரின்சிப் என்ற 19 வயதுப் பையன் நின்றிருந்தான், இளவரசரையும் அவர் மனைவி சோஃபியையும் சுட்டுவிட்டான். இதை யூடியூபில் பார்த்திருக்கிறாள். "அப்போ ஒரு கோடிப் பேர் செத்ததுக்கு அந்த டிரைவர்தான் காரணமா?" என்று கேட்கிறாள். அவள் அப்பா வேன் ஓட்டுகிறவர். அதனால் டிரைவர் மேல் பழி விழுவது அவளுக்கு ஆகவே ஆகாது. பாடத்தில் இருப்பதைச் சொல்லிப் பார்த்தேன். "இத்தனை காரணம் ஏற்கெனவே இருந்தா, அந்தக் கொலை எதுக்கு?" என்று மடக்கிவிட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலவீதி:

டிரைவர் சரியாகப் போயிருந்தாலும் போர் வந்திருக்கும், சகோதரி. 1871ல் ஜெர்மனி அல்சாஸ்-லொரைனைப் பிடுங்கிக்கொண்டதிலிருந்து பிரான்ஸ் உள்ளுக்குள் குமுறிக்கொண்டிருந்தது. பிரிட்டனும் ஜெர்மனியும் போட்டி போட்டுக்கொண்டு போர்க்கப்பல் கட்டின. 1908ல் பாஸ்னியாவை ஆஸ்திரியா இணைத்துக்கொண்டது, 1911ல் மொராக்கோ தகராறு, 1912லும் 1913லும் இரண்டு பால்கன் போர்கள். ஒரு பக்கம் ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி. மறுபக்கம் பிரான்ஸ், ரஷ்யா, பிரிட்டன். இப்படி எல்லாரும் ஆயுதத்தோடு நிற்கும்போது ஏதாவது ஒரு பொறி போதும். சரயேவோ இல்லையென்றால் வேறு ஊர். தேர்வுக்கு இப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்கும்.

ஈரோடு கன்ட்ரோல்:

அம்மா, நான் ரயில்வேயில் செக்‌ஷன் கன்ட்ரோலராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலைக் காலம் முழுக்க சார்ட்டைப் பார்த்து, எந்த வண்டியை எங்கே நிறுத்துவது, எதற்கு முதலில் வழி விடுவது என்று முடிவு செய்த ஆள். இந்தப் போரைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்ததே அதில் ரயில்வே இருந்ததால்தான். உங்கள் மகள் சரியான இடத்தில் கேள்வி கேட்டிருக்கிறாள். அவளுக்கு ஒழுங்கான பதில் கிடைக்க வேண்டும்.

மேலவீதி சொன்ன சம்பவங்கள் எல்லாம் நடந்தவைதான். ஆனால் அவற்றையே திரும்பப் பாருங்கள். 1908, 1911, 1912, 1913. ஒவ்வொரு தடவையும் பெரிய போர் வராமல் நின்றது. பால்கன் போர்களின்போது லண்டனில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரே தூதர்களை உட்காரவைத்துப் பேசிச் சமாளித்தார். அதே கூட்டணிகள், அதே கப்பல்கள், அதே வெறுப்பு. இருந்தும் அப்போது வெடிக்கவில்லை. அப்படியானால் 1914ல் மட்டும் தவிர்க்கவே முடியாது என்று எப்படிச் சொல்வது?

டிரைவர் பெயர் லியோபோல்ட் லோய்க்கா. முதல் குண்டுக்கு அப்புறம் பாதையை மாற்ற முடிவு செய்தார்கள், ஆற்றோரச் சாலையிலேயே நேராகப் போவது என்று. அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் பழைய திட்டப்படி லத்தீன் பாலத்துக்கு எதிரே திரும்பினார். உத்தரவு மாறியது ஓட்டுகிறவருக்கு வந்து சேரவில்லை என்றால் தப்பு ஓட்டுகிறவருடையது அல்ல. எங்கள் துறையில் இது பால பாடம். மகளிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

கொலை நடந்த நாளிலிருந்து பிரிட்டன் போரில் இறங்கிய ஆகஸ்ட் 4 வரை 37 நாட்கள். பிரின்சிப் சுட்டது இரண்டு ரவை. அந்த 37 நாளில் நடந்த எதையும் அவன் செய்யவில்லை. அதையெல்லாம் செய்தவர்கள் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள்.

பிரின்சிப் பாஸ்னியாவைச் சேர்ந்த செர்பியன், அதனால் ஆஸ்திரியா பக்கத்து நாடான செர்பியா மேல் பழி போட்டது. ஆஸ்திரியத் தளபதி கான்ராட் செர்பியாவை அடிக்க வேண்டும் என்று 1913ல் மட்டும் 20 தடவைக்கு மேல் கேட்டிருந்தார். அப்போதெல்லாம் குறுக்கே நின்றவர்களில் முக்கியமானவர், செத்துப்போன அதே இளவரசர். அவரைக் கொன்றதில் போரைத் தடுத்துக்கொண்டிருந்த ஆளே போய்விட்டார். ஜூலை 5, 6 தேதிகளில் ஜெர்மனி, "நீ என்ன செய்தாலும் நாங்கள் இருக்கிறோம்" என்று ஆஸ்திரியாவுக்கு வாக்குக் கொடுத்தது. அப்புறமும் ஆஸ்திரியா உடனே எதுவும் செய்யவில்லை. ஹங்கேரியப் பிரதமர் டிஸா முதலில் சம்மதிக்கவில்லை. படையில் பாதிப் பேர் அறுவடை லீவில் வயலில் இருந்தார்கள். பிரான்ஸ் ஜனாதிபதி புவான்காரே ரஷ்யாவில் விருந்தாளியாக இருந்தார். அவர் கப்பல் ஏறும் வரை காத்திருந்து, ஜூலை 23 மாலை 6 மணிக்கு 48 மணி நேரக் கெடுவோடு செர்பியாவிடம் எச்சரிக்கையைக் கொடுத்தார்கள். இவ்வளவு நேரம் பார்த்து ஒரு காரியம் செய்தால் அது திடீரென்று பற்றிய பொறி ஆகாது.

செர்பியா கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டது. தங்கள் மண்ணில் ஆஸ்திரிய அதிகாரிகள் விசாரணை நடத்துவதை மட்டும் மறுத்தது. அந்தப் பதிலை ஜூலை 28 காலையில் படித்த ஜெர்மன் பேரரசர் வில்ஹெல்மே, இனிப் போருக்குக் காரணம் இல்லை என்றுதான் நினைத்தார். அன்றைக்கே ஆஸ்திரியா தந்தி மூலம் போர் அறிவித்துவிட்டது.

இதற்கு மேல்தான் என் தொழில் உள்ளே வருகிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் படைத்திரட்டல் என்றால் முழுக்க முழுக்க ரயில். லட்சக்கணக்கான ஆட்கள், குதிரைகள், பீரங்கிகள், தீவனம் எல்லாம் எல்லைக்குப் போக வேண்டும். ஜெர்மனியில் பயணிகள் வண்டி அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு ராணுவ அட்டவணை எடுப்பார்கள். எல்லா வண்டியும் மணிக்கு 30 கிலோமீட்டர் மாதிரி ஒரே மெதுவான வேகம். ஒரே வேகத்தில் ஓடினால் ஒன்றை நிறுத்தி இன்னொன்றை முன்னால் விட வேண்டிய வேலை இல்லை, லைன் நிரம்பி ஓடும். பார்த்தவுடன் கை கூப்பத் தோன்றும் சார்ட் அது. கொலோன் நகரத்தில் ரைன் ஆற்றுப் பாலத்தின் மேல் ஆகஸ்டின் முதல் இரண்டு வாரத்தில் ஏறக்குறைய 10 நிமிஷத்துக்கு ஒரு ராணுவ வண்டி போயிருக்கிறது. ஒரு செக்‌ஷனில் ஒரே நாளில் நாலு ஸ்பெஷல் கூடுதலாக வந்தாலே எங்களுக்கு வியர்க்கும்.

இப்படிப்பட்ட சார்ட்டில் ஒரு கெட்ட குணம் உண்டு. ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்துவது, திசை மாற்றுவது பெரிய பாடு. ரேக் (பெட்டித் தொடர்) ஒரு பக்கம், லோகோ (இன்ஜின்) ஒரு பக்கம் என்று சிதறிவிடும். அதனால் தளபதிகள் எல்லாரும் ஒரே பயத்தில் இருந்தார்கள்: அடுத்தவன் முதலில் ஆரம்பித்துவிட்டால் நாம் தொலைந்தோம்.

செர்பியாவுக்கு ஆதரவாக நின்ற ரஷ்யாவில் முதலில் ஆஸ்திரியாவுக்கு எதிராக மட்டும் நாலு ராணுவ மாவட்டங்களில் படை திரட்டலாம் என்று யோசித்தார்கள். அப்படிப் பாதி செய்தால் முழு அட்டவணையும் நாசமாகிவிடும் என்று தளபதிகள் அடம் பிடித்தார்கள். ஜார் நிக்கோலஸ் ஜூலை 29 இரவு, வில்ஹெல்மின் தந்தியைப் பார்த்துவிட்டு, முழுப் படைத்திரட்டல் உத்தரவை ரத்து செய்தார். மறுநாள் பிற்பகல் வெளியுறவு அமைச்சர் சசோனோவ் பேசிப் பேசி மறுபடி சம்மதிக்க வைத்தார். ஜார் இன்னொரு தடவை மனம் மாறினால் யாரும் தன்னைக் கூப்பிட முடியாதபடி டெலிபோனை உடைத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார் தலைமைத் தளபதி யானுஷ்கேவிச். ரத்து உத்தரவு வந்து சேரக் கூடாது என்று கன்ட்ரோல் போனை உடைக்கிற அதிகாரியை நினைத்துப் பாருங்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பெர்லினில் ஆகஸ்ட் 1 சாயங்காலம் நடந்தது அதைவிடக் கொடுமை. ரஷ்யாவோடு போர் வந்தால் அதன் கூட்டாளி பிரான்ஸை முதலில் மேற்கே அடிப்பது என்பதுதான் ஜெர்மனியின் திட்டம். பிரான்ஸைத் தாக்காவிட்டால் பிரிட்டன் ஒதுங்கி நிற்கும் என்பதுபோல லண்டனிலிருந்து ஜெர்மன் தூதர் லிக்னோவ்ஸ்கியின் தந்தி வந்தது. வில்ஹெல்ம் மகிழ்ந்துபோய், மொத்தப் படையையும் கிழக்கே ரஷ்யா பக்கம் திருப்பச் சொன்னார். தளபதி மோல்ட்கே, முடியாது, 11,000 ரயில்களின் திட்டம், ஒரு வருட உழைப்பு, மாற்றினால் படை இருக்காது, ஆயுதக் கும்பல்தான் இருக்கும் என்றார். லக்ஸம்பர்க் எல்லையில் ஒரு சின்ன ஸ்டேஷனை அதற்குள் ஜெர்மன் வீரர்கள் பிடித்திருந்தார்கள். பின்னாலேயே இன்னொரு கூட்டம் வந்து, தவறுதலாக வந்துவிட்டோம் என்று சொல்லி அவர்களைத் திரும்பக் கூட்டிப்போனது. இரவு 11 மணி வாக்கில், அந்தத் தந்தி விஷயம் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் பேரரசர் மோல்ட்கேயிடம் விட்டுவிட்டார். ஒரு சாயங்காலம் முழுக்க உலகப் போர் ஒரு ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்று யோசித்திருக்கிறது!

"ரயில்வே அட்டவணைதான் போரைக் கொண்டுவந்தது" என்று இதை வைத்துச் சிலர் எழுதுவார்கள். அதை நான் ஏற்கவே மாட்டேன். ஜெர்மனியிடம் கிழக்கே படை அனுப்பும் அட்டவணையும் இருந்தது, வருஷா வருஷம் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். 1913ல் அதைக் கைவிட்டது மோல்ட்கேதான். அவருக்குக் கீழே ரயில்வே பிரிவை நடத்திய ஷ்டாப்ஸ் என்ற அதிகாரி, கிழக்கே திருப்பியிருக்க முடியும் என்று பிற்பாடு விளக்கமாக எழுதினார். தொழில் தெரிந்தவன் பேச்சு அது. முடியாது என்று ஒரு மேலதிகாரி சொல்லும்போது பெரும்பாலும் அதன் பொருள், எனக்கு விருப்பமில்லை என்பதுதான். அட்டவணை தானாக முளைக்காது. ஒருவர் உட்கார்ந்து போட்டது, ஒருவர் கையெழுத்துப் போட்டது.

பெல்ஜியம் மாட்டியதும் இதே விதத்தில்தான். பிரான்ஸுக்குள் வேகமாக இறங்க லியேஜ் ஜங்ஷன் தேவை என்று திட்டம் போட்டிருந்தார்கள். பெல்ஜியத்தின் நடுநிலைமைக்கு 1839 ஒப்பந்தப்படி பிரிட்டன் ஜாமீன். ஆகஸ்ட் 4ல் ஜெர்மன் படை உள்ளே நுழைந்தது, அன்று இரவே பிரிட்டன் இறங்கியது. இந்தியர் யாரையும் கேட்காமல் வைஸ்ராய் ஹார்டிங் இந்தியாவையும் சேர்த்துவிட்டார். செப்டம்பர் முடிவதற்குள் நம் சிப்பாய்கள் மார்செய் துறைமுகத்தில் இறங்கிவிட்டார்கள்.

மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: பாடத்தில் உள்ள காரணங்கள் போரைச் சாத்தியம் ஆக்கின. கொலை ஒரு சாக்குக் கொடுத்தது. போரைக் கொண்டுவந்தது அந்த 37 நாளில் ஏழெட்டுத் தலைநகரங்களில் சில பேர் எடுத்த முடிவுகள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு.

பினாங்குக்காரன்:

ஈரோடு ஐயா, அருமை. இங்கே பினாங்கிலும் அதன் தடம் இருக்கிறது. 1914 அக்டோபர் 28 விடியற்காலையில் ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் பொய்யாக நாலாவது புகைபோக்கி ஒன்றை வைத்துக்கொண்டு துறைமுகத்துக்குள் வந்து, ரஷ்யாவின் ஷெம்சுக் கப்பலை மூழ்கடித்தது. ஷெம்சுக்கின் கேப்டன் அன்றிரவு கரையில் இருந்தார். கிட்டத்தட்ட 90 மாலுமிகள் செத்தார்கள். வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் நினைவுக்கல் இருக்கிறது, ரஷ்யத் தூதரக ஆட்கள் வந்து மலர் வைப்பார்கள். அதற்கு ஒரு மாதம் முன்னால், செப்டம்பர் 22 இரவு, மெட்ராஸில் பர்மா எண்ணெய்க் கம்பெனி டாங்கிகளைச் சுட்டு எரித்ததும் இதே கப்பல்தான். செர்பியாவைக் காப்பாற்றப் புறப்பட்ட ரஷ்யப் பிள்ளைகள் எங்கள் ஊர்த் தண்ணீரில் வந்து செத்தார்கள் என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

பத்தாம் வகுப்பு அம்மா:

ஐயா, ரொம்ப நன்றி. முழுவதையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். டெலிபோன் விஷயத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். இப்போது பின்விளைவுகளுக்கு வந்துவிட்டோம். நாலு பேரரசுகள் விழுந்தன, வெர்சாய் ஒப்பந்தம், சர்வதேச சங்கம் என்று இருக்கிறது. சாதாரண ஜனங்களுக்கு என்ன ஆனது, நம் ஊருக்கு என்ன ஆனது என்று கேட்கிறாள்.

ஈரோடு கன்ட்ரோல்:

அம்மா, மறுபடி ரயிலிலிருந்துதான் சொல்லத் தெரியும்.

1918 நவம்பர் 11 அதிகாலையில் போர்நிறுத்தத்தில் கையெழுத்துப் போட்டதே பிரான்ஸில் காம்பியேன் காட்டுக்குள் நின்ற ஒரு ரயில் பெட்டியில்தான். அதில் ஒரு நிபந்தனை: ஜெர்மனி 5,000 இன்ஜின்களையும் 1,50,000 வேகன்களையும் ஓடும் நிலையில் ஒப்படைக்க வேண்டும். பெல்ஜியத்திலும் பிரான்ஸிலும் அவர்கள் அழித்ததற்கு இது நியாயம் என்று வாதிடலாம். ஆனால் உருளைக்கிழங்கும் நிலக்கரியும் வேகனில்தானே ஊருக்கு வர வேண்டும்? 1916 குளிர்காலத்திலேயே உருளைக்கிழங்கு பொய்த்து, மாட்டுக்குப் போடும் டர்னிப் கிழங்கைத் தின்று பிழைத்த ஜனம் அது. பிரிட்டனின் கடல் முற்றுகை, சண்டை நின்ற பிறகும் 1919 ஜூலை வரை தொடர்ந்தது. தோற்ற நாட்டுக் குழந்தைகளைப் பட்டினி போட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியதை நான் எந்தக் காலத்திலும் நியாயப்படுத்த மாட்டேன்.

வியன்னா கதை இன்னும் பரிதாபம். 5 கோடிப் பேருக்குத் தலைநகராக இருந்த ஊர், 65 லட்சம் பேர் உள்ள குட்டி நாட்டுக்குத் தலைநகரானது. நிலக்கரி வந்த போஹீமியா செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போனது, கோதுமை வந்த ஹங்கேரி தனி நாடு, துறைமுகமான ட்ரியெஸ்ட் இத்தாலிக்கு. தண்டவாளம் போட்டது போட்டபடி இருக்கிறது, ஆனால் நடுவில் புதிதாக எல்லைச் சாவடி.

நம் நாட்டுக்கு வருவோம். 10 லட்சத்துக்கும் அதிகமான இந்தியர் வெளிநாட்டுப் போர்முனைகளுக்குப் போனார்கள், 74,000 பேர் வரை திரும்பவில்லை. மெசபொடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், பாஸ்ரா பக்கம் போட்ட மீட்டர் கேஜ் லைனுக்கு இங்கிருந்துதான் தண்டவாளமும் இன்ஜினும் கப்பலில் போயின. சில கிளை லைன்களைப் பெயர்த்தே எடுத்துப் போனார்கள். நம் ரயில்வே பட்டறைகளில் பெட்டி ரிப்பேருக்குப் பதில் குண்டுக்கூடு கடைந்தார்கள். போர் முடியும்போது லைனும் வண்டியும் அவ்வளவு சீரழிந்திருந்தன. 1920ல் ஆக்வொர்த் தலைமையில் கமிட்டி போட்டு, 1924ல் ரயில்வேக்குத் தனி பட்ஜெட் வந்தது அதன் தொடர்ச்சிதான். 2017ல் பொது பட்ஜெட்டோடு சேர்க்கும் வரை அது நீடித்தது. என் சர்வீஸில் ஒவ்வொரு பிப்ரவரியிலும் நாங்கள் காத்திருந்த அந்த பட்ஜெட்டே இந்தப் போரின் பிள்ளை என்பது பலருக்குத் தெரியாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய அடி காய்ச்சல். 1918 ஜூனில் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கிய அந்த இன்ஃபுளுயென்சா, செப்டம்பரில் இரண்டாவது அலையாக வந்து, ரயில் போன ஊருக்கெல்லாம் போனது. இந்தியாவில் மட்டும் 1.2 கோடியிலிருந்து 1.8 கோடி வரை இறந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். ஐரோப்பாவின் எல்லாப் போர்முனைகளிலும் செத்த சிப்பாய்கள் ஒரு கோடியைச் சுற்றித்தான். போர்க்களம் இல்லாத நாடு நாம். இதைப் பாடத்தில் ஒரு வரிக்கு மேல் எழுத வேண்டாமா? அந்தப் பிணங்கள் எரிந்து முடிவதற்குள், 1919 மார்ச்சில், விசாரணை இல்லாமல் சிறையில் வைக்க ரௌலட் சட்டம். ஏப்ரல் 13ல் ஜாலியன்வாலா பாக். சிப்பாய்களை அதிகம் அனுப்பிய மாகாணமே பஞ்சாப்தான் என்பதை மகள் விடைத்தாளில் எழுதட்டும்.

மேலவீதி:

ஐயா, 1914 விஷயத்தில் உங்கள் வாதத்தை ஏற்கிறேன். ஆனால் வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனி மேல் போட்ட இழப்பீடுதான் ஹிட்லரைக் கொண்டுவந்தது என்பதாவது நேர்கோடு இல்லையா? 1940ல் பிரான்ஸை அதே ரயில் பெட்டியில் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கினாரே.

ஈரோடு கன்ட்ரோல்:

ஆமாம், 1940 ஜூன் 22ல், மியூசியத்திலிருந்து அதே பெட்டியை வெளியே இழுத்து வந்து செய்தார்கள். வன்மம் இருந்ததில் சந்தேகமே இல்லை. ஆனால் நேர்கோடு என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். வெர்சாய் 1919ல் கையெழுத்தானது. ஒன்பது வருஷம் கழித்து, 1928 தேர்தலில், நாஜிகள் வாங்கிய ஓட்டு 2.6 சதவீதம். 1929ல் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதாரச் சரிவு ஜெர்மனியில் லட்சக்கணக்கானவர்களை வேலையிலிருந்து வெளியே தள்ளியது, 1932 ஜூலையில் நாஜிகள் வாங்கிய ஓட்டு 37 சதவீதம். அதே மாதம் லோசான் மாநாட்டில் இழப்பீட்டுக்குக் கிட்டத்தட்ட முற்றுப்புள்ளியே வைத்துவிட்டார்கள். நவம்பர் தேர்தலில் நாஜி ஓட்டு 33 சதவீதத்துக்கு இறங்கவும் செய்தது. இறங்குகிற நேரத்தில், 1933 ஜனவரி 30ல், ஹிட்லரைக் கூப்பிட்டு சான்ஸலர், அதாவது பிரதமர், நாற்காலியில் உட்காரவைத்தவர் ஜனாதிபதி ஹிண்டன்பர்க். அவருடைய காதில் ஓதியவர் முன்னாள் சான்ஸலர் ஃபான் பாப்பன், ஹிட்லரைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பி. அங்கேயும் வேறு முடிவு எடுக்க இடம் இருந்தது.